ரிமோட் தொலைந்தது! வைஃபையும் மாறியது! என்ன செய்வது?

டி.வி. இருக்கிறது. அதில் படம் காட்டும் 'ஸ்டிக்' இருக்கிறது. வீட்டுக்குப் புது வைஃபையும் வந்துவிட்டது.

ஆனால், ஸ்டிக்கின் ரிமோட்டைக் காணோம்!

ஸ்டிக்கைப் புது வைஃபையில் சேர்க்க வேண்டுமானால், ரிமோட் வேண்டும். ரிமோட்டுக்குப் பதிலாகச் செல்போனைப் பயன்படுத்தலாம் என்று பார்த்தால், அதற்கு ஸ்டிக் முதலில் வைஃபையில் சேர்ந்திருக்க வேண்டும்!

பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்ட கதை இது.

பூட்டை உடைக்க வேண்டியது இல்லை. புது ஸ்டிக் வாங்க வேண்டியதும் இல்லை. பெரும்பாலான வீடுகளில், கையில் இருக்கும் பொருளைக் கொண்டே காரியத்தை முடித்துவிடலாம்.

எப்படி? பார்ப்போம்.

மாற்றலாகி வரும் குடும்பங்கள்

சின்னசேலம், சேலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே நெடுஞ்சாலையில் உள்ள ஊர். சேலம்–விருத்தாசலம் ரெயில் பாதையும் இந்த ஊர் வழியாகவே போகிறது. சுற்றிலும் மரவள்ளிக் கிழங்குத் தோட்டங்கள், ஜவ்வரிசி ஆலைகள். வடமேற்கே கல்வராயன் மலை.

2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. சின்னசேலமும் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது. மாற்றலாகி இங்கே வருகிறவர்கள் உண்டு. இங்கிருந்து போகிறவர்களும் உண்டு.

வீடு மாறும்போது பீரோ தொலையாது. கட்டில் தொலையாது. உள்ளங்கை அகலப் பொருள்தான் தொலையும். அது ரிமோட்டாக இருந்துவிட்டால், அன்று மாலை வீட்டில் இப்படித்தான் பேச்சு நடக்கும்:

"ஏம்ப்பா, பெட்டி கெட்டுப்போச்சா?" என்பார் ஆயா.

"கெடலை ஆயா. ரிமோட்டைத்தான் காணோம்" என்பான் பேரன்.

"போனால் போகுது. புதுசா ஒண்ணு வாங்கிடலாம்" என்பார் அப்பா.

"சும்மாவா தர்றான்? இருக்கிறதை ஓட வைக்க வழி இல்லையா?" என்பார் அம்மா.

அம்மா கேட்பதுதான் சரியான கேள்வி. ஒரு ஸ்டிக்கின் விலை சில ஆயிரம் ரூபாய். ஒரு சின்னக் குடும்பத்தின் மளிகைச் செலவில் பெரும் பங்கு அது!

ஸ்டிக் என்றால் என்ன?

சாதாரண டி.வி.யையும் இன்டர்நெட் மூலம் படம் பார்க்கும் டி.வி.யாக மாற்றும் சின்னக் கருவிதான் ஸ்டிக். டி.வி.யின் பின்னால், 'எச்.டி.எம்.ஐ.' என்று எழுதிய துளையில் இதைச் செருகுவார்கள்.

'அமேசான்' கம்பெனியின் 'பயர் டி.வி. ஸ்டிக்' 2014-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. 2017-ல் இந்தியாவுக்கு வந்தது. 'கூகுள்' கம்பெனியின் 'குரோம்காஸ்ட்' 2013-ல் வந்தது. இந்தக் கருவிகளுக்கு ஆன்டெனா வேண்டாம், கேபிள் வேண்டாம். வைஃபை மட்டும் வேண்டும்.

வைஃபை கிடைக்காவிட்டால்? ஸ்டிக் வெறும் பிளாஸ்டிக் துண்டுதான்!

அது ஏன் அடம் பிடிக்கிறது?

ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு பாஸ்வேர்டு உண்டு. இந்த இரண்டையும் முதல் நாள் சொல்லிக் கொடுத்தால், ஸ்டிக் மனப்பாடம் செய்துகொள்ளும். மின்சாரம் போய் வந்தாலும் மறக்காது.

வீடு மாறிய பிறகும் அது பழைய பெயரைத்தான் தேடுகிறது. புது ஊருக்கு வந்த குழந்தை, பழைய தெருவின் பெயரைச் சொல்லி வழி கேட்பது போல!

ஸ்டிக் கெட்டுப்போகவில்லை. அதன் நினைவு பழையதாக இருக்கிறது. அவ்வளவுதான்.

இங்கேதான் ஒரு ரகசியம் இருக்கிறது. ஸ்டிக்குக்கு வீடு தெரியாது, ஊர் தெரியாது, வைஃபை பெட்டி எந்தக் கம்பெனி என்பதும் தெரியாது. பெயரும் பாஸ்வேர்டும் ஒத்துப்போனால், "இதுதான் என் பழைய வைஃபை" என்று நம்பிச் சேர்ந்துவிடும்.

ஆகவே, ஸ்டிக்குக்குப் புதுப் பெயரைச் சொல்லிக் கொடுக்க முடியவில்லையா? புது வைஃபைக்குப் பழைய பெயரை வைத்துவிடுங்கள்!

ரிமோட் வந்த கதை

ரிமோட் இல்லாமல் தவிக்கிறோம். அந்த ரிமோட் எப்படி வந்தது?

1950-ல் அமெரிக்காவின் 'ஜெனித்' கம்பெனி முதல் டி.வி. ரிமோட்டை விற்றது. அதன் பெயரே 'சோம்பேறி'! டி.வி.க்கும் அதற்கும் நடுவே ஒரு வயர் இருந்தது. கூடத்தில் நடப்பவர்கள் அதில் கால் தடுக்கி விழுந்தார்கள்.

1955-ல் யூஜின் பாலி என்ற என்ஜினீயர், வயர் இல்லாத ரிமோட்டைச் செய்தார். டார்ச் லைட் போல ஒளியைப் பாய்ச்சினால் டி.வி. கேட்கும். ஆனால், ஜன்னல் வழியே வெயில் பட்டாலும் கேட்டது! தானாகவே சானல் மாறியது.

1956-ல் ராபர்ட் ஆட்லர் வேறொரு வழி கண்டார். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னக் கம்பியில் தட்டு விழும். மனிதக் காதுக்கு எட்டாத ஓசை கிளம்பும். டி.வி. அதைக் கேட்டு நடக்கும். அந்த ரிமோட்டுக்குப் பேட்டரியே வேண்டாம்!

பிறகு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வந்தது. இன்றும் பல டி.வி. ரிமோட்டுகள் இந்த ஒளியில்தான் வேலை செய்கின்றன. அதனால்தான் நடுவில் யாராவது நின்றால், "கொஞ்சம் நகரு" என்கிறோம்.

பயர் ஸ்டிக்கின் ரிமோட் இந்த வகை அல்ல. அது 'புளூடூத்' என்ற ரேடியோ அலையில் பேசுகிறது. டி.வி.யை நோக்கி நீட்ட வேண்டியது இல்லை. பொதுவாகக் கடைத்தெருவில் விற்கும் 'எல்லா டி.வி.க்கும் ஆகும்' ரிமோட் அகச்சிவப்பு வகை. அதை வாங்கி வந்தால் ஸ்டிக் திரும்பிக்கூடப் பார்க்காது. பணம் வீண்!

முதலில் செய்ய வேண்டியவை

ரிமோட் தொலையவில்லை, வேலை செய்யவில்லை என்றால், முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அப்படியும் கேட்காவிட்டால், வீடு படம் போட்ட பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ரிமோட்டும் ஸ்டிக்கும் மறுபடி கைகோத்துக்கொள்ளும்.

ரிமோட் உண்மையிலேயே தொலைந்துவிட்டதா? அப்படியானால், டி.வி.யின் சொந்த ரிமோட்டை எடுங்கள்.

ஆம்! டி.வி. ரிமோட்டை வைத்தே ஸ்டிக்கை நடத்த ஒரு வசதி உண்டு. 'எச்.டி.எம்.ஐ.' துளை வழியாக டி.வி.யும் ஸ்டிக்கும் ஒன்றுக்கொன்று உத்தரவு கொடுத்துக்கொள்ளும். இதன் பொதுப் பெயர் 'சி.இ.சி.'. ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறது. சாம்சங் டி.வி.யில் 'எனிநெட் பிளஸ்'. எல்.ஜி. டி.வி.யில் 'சிம்ப்லிங்க்'. சோனி டி.வி.யில் 'பிராவியா சிங்க்'.

டி.வி.யின் 'செட்டிங்ஸ்' பகுதியில் இந்தப் பெயரைத் தேடி 'ஆன்' செய்யுங்கள். பிறகு டி.வி. ரிமோட்டின் அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்துங்கள். ஸ்டிக்கின் திரையில் கட்டம் நகர்ந்தால், வெற்றி! ஸ்டிக்கின் 'செட்டிங்ஸ்', அதில் 'நெட்வொர்க்', அதில் உங்கள் புது வைஃபையின் பெயர், பிறகு பாஸ்வேர்டு. வேலை முடிந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

பழைய டி.வி.களில் இந்த வசதி இல்லாமல் இருக்கலாம். கவலை வேண்டாம். அடுத்த வழி இருக்கிறது.

பெயர் மாற்றும் வித்தை

வீட்டில் உள்ள புது வைஃபை பெட்டிக்கு, அதாவது ரவுட்டருக்கு, பழைய வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துவிடுங்கள். ஸ்டிக்கின் மின்சாரத்தை ஒரு தரம் நிறுத்திப் போடுங்கள். அது தானாகவே சேர்ந்துவிடும். பழைய வீட்டில் வைஃபையோடு இருந்த மற்றக் கருவிகளும் சேர்ந்துவிடும்.

ரவுட்டரில் பெயர் மாற்றுவது எப்படி? ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியுள்ள தாளில் ஒரு முகவரி எண் இருக்கும். பல ரவுட்டர்களில் அது 192.168.1.1 என்று இருக்கும். வைஃபையில் சேர்ந்த செல்போனில் அந்த எண்ணை அடித்தால், பெயர் மாற்றும் பக்கம் வரும். கஷ்டமாக இருந்தால், இணைப்புக் கொடுத்தவரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்.

ரவுட்டரைத் தொட விருப்பம் இல்லையா? இரண்டு செல்போன்கள் இருந்தால் போதும். இதோ வழி:

1. முதல் போனில் 'ஹாட்ஸ்பாட்' என்ற வசதியைத் திறக்கவும். இது போனையே ஒரு வைஃபை பெட்டியாக மாற்றும் வசதி.

2. ஹாட்ஸ்பாட்டுக்குப் பழைய வைஃபையின் பெயரையும், பழைய பாஸ்வேர்டையும் வைக்கவும். ஐபோனாக இருந்தால், போனுக்கு வைத்த பெயர்தான் ஹாட்ஸ்பாட்டின் பெயர். ஆகவே, போனின் பெயரை மாற்றவும்.

3. ஸ்டிக்கின் மின்சாரத்தை நிறுத்திப் போடவும். சிறிது நேரத்தில் அது ஹாட்ஸ்பாட்டில் சேரும்.

4. இரண்டாவது போனையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்க்கவும். அதில் 'பயர் டி.வி.' செயலியைத் திறந்து, ஸ்டிக்குக்கு உரிய அமேசான் கணக்கில் நுழையவும்.

5. செயலியில் ஸ்டிக்கின் பெயர் தெரியும். அதைத் தொட்டால் டி.வி. திரையில் ஓர் எண் வரும். அந்த எண்ணைப் போனில் அடிக்கவும். இப்போது போனே ரிமோட்!

6. அந்தப் போனை வைத்தே ஸ்டிக்கின் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க்' என்று போய், புது வைஃபையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டை அடிக்கவும்.

7. ஸ்டிக் புது வைஃபைக்கு மாறியதும் போனோடு தொடர்பு அறுந்துவிடும். பயப்பட வேண்டாம். ஹாட்ஸ்பாட்டை நிறுத்துங்கள். இரண்டாவது போனையும் புது வைஃபையில் சேர்த்தால், மறுபடி தொடர்பு வந்துவிடும்.

ஓர் எழுத்து தவறினாலும் நடக்காது!

பலர் தோற்பது இங்கேதான். பழைய பெயரை அப்படியே எழுத வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு உண்டு அல்லவா? ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் ஸ்டிக் ஏற்காது. இடைவெளி இருந்தால் இடைவெளி; கோடு இருந்தால் கோடு.

அலையிலும் இரண்டு வகை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. ஹாட்ஸ்பாட்டில் கேட்டால் 2.4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது அதிக தூரம் போகும், சுவரைக் கடக்கும், பழைய கருவிகளுக்கும் பழக்கமானது. பாதுகாப்பு வகையைக் கேட்டால் 'டபிள்யூ.பி.ஏ.2' என்பதைப் பழைய ஸ்டிக்குகள் அறியும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் குடிபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலை மடிப்புகளில் செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. ஆகவே செயலியைக் கீழே இருக்கும்போதே இறக்கி, கணக்கில் நுழைந்து வைத்துக்கொள்வது நல்லது.

பழைய பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?

வீட்டில் யாருடைய போனிலாவது அது இன்னும் இருக்கும். ஆன்டிராய்டு போனில் வைஃபை பகுதிக்குப் போய், சேமித்து வைத்த வைஃபைகளின் பட்டியலைத் திறந்து, பழைய பெயரைத் தொட்டு, 'ஷேர்' என்பதை அழுத்துங்கள். புது வகைப் போன்களில் கட்டம் கட்டமான படமும், அதன் அருகே பாஸ்வேர்டும் தெரியும். ஐபோன்களிலும் சில ஆண்டுகளாக இந்த வசதி இருக்கிறது.

பழைய வைஃபையின் பெயரை ஒருபோதும் மாற்றவில்லை என்றால், பழைய ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளிலேயே இரண்டும் இருக்கும்.

ஒன்றும் கிடைக்கவில்லையா? அப்போதும் ஸ்டிக்கை எறிய வேண்டாம். ரிமோட் மட்டும் தனியாக விற்கிறது. உங்கள் ஸ்டிக் எந்த மாடல் என்று பார்த்து, அதற்கு உரியதை வாங்குங்கள். ஸ்டிக்கின் மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, ஒரு நிமிடம் கழித்து, வீடு படம் போட்ட பொத்தானை 10 விநாடி பிடித்தால் சேர்ந்துவிடும்.

குரோம்காஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு

குரோம்காஸ்ட் தயாரிப்பை 2024-ல் கூகுள் நிறுத்திவிட்டது. ஆனாலும், முன்பு வாங்கியவர்கள் வீட்டில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பழைய குரோம்காஸ்ட்டுக்கு ரிமோட்டே கிடையாது. தொலைவதற்கும் ஒன்றும் இல்லை! அதன் உடம்பிலேயே ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மின்சாரம் ஓடும்போது அதைச் சுமார் 25 விநாடி அழுத்திப் பிடித்தால், கருவி எல்லாவற்றையும் மறந்து முதல் நாள் நிலைக்குப் போய்விடும். பிறகு 'கூகுள் ஹோம்' செயலியில் புதிதாகச் சேர்க்கலாம்.

எச்சரிக்கை!

தொலைந்தது ரிமோட் மட்டுமானால் நஷ்டம் சிறிது. அவசரத்தில் ஏமாந்தால் நஷ்டம் பெரிது.

உதவி தேடி, இன்டர்நெட்டில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுகிறவர்கள் உண்டு. அங்கே போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கும் மோசக்காரர்களும் உண்டு. "உங்கள் ஸ்டிக்கைத் திறக்கக் கட்டணம் கட்ட வேண்டும்" என்பார்கள். "போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்" என்பார்கள். "இந்தச் செயலியை இறக்குங்கள். உங்கள் திரையை நாங்களே பார்த்துச் சரிசெய்கிறோம்" என்பார்கள்.

நம்ப வேண்டாம்! ஸ்டிக்கை வைஃபையில் சேர்க்க யாருக்கும் கட்டணம் கிடையாது. ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. திரையைக் காட்டும் செயலியை இறக்கினால், பாங்குக் கணக்கும் அவர்கள் கண்ணில் படும். உதவி எண் வேண்டுமானால், கம்பெனியின் சொந்தச் செயலிக்குள் சென்று எடுங்கள்.

பணம் பறிபோய்விட்டால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது நாடு முழுவதற்குமான இணையக் குற்றப் புகார் எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.

இன்னொன்றும் உண்டு. பெயரும் பாஸ்வேர்டும் தெரிந்தால் ஸ்டிக் நம் பேச்சைக் கேட்கிறது என்று பார்த்தோம். நமக்குக் கேட்பது அடுத்தவனுக்கும் கேட்கும்! பழைய பாஸ்வேர்டு தெருவில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால், அதையே புது ரவுட்டரில் என்றைக்கும் வைத்திருப்பது நல்லது அல்ல. ஸ்டிக் சேர்ந்து, போன் ரிமோட் ஆனபிறகு, புதுப் பாஸ்வேர்டு ஒன்றை வைத்து எல்லாக் கருவிகளையும் அதற்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்த முறை வீடு மாறுமுன் மூன்று காரியம் செய்யுங்கள். வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். ரிமோட்டுக்குப் பதிலாகப் பயன்படும் செயலியைப் போனில் இப்போதே இறக்கிப் பழகுங்கள். மூட்டை கட்டும்போது, ரிமோட்டை டி.வி.யின் வயரோடு ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள்.

கயிற்றின் விலை இரண்டு ரூபாய். ஸ்டிக்கின் விலை சில ஆயிரம்!